இருவாச்சியின் மேக்கப் அறைக்குள் ஒரு எட்டு

ஆனைமலைக் காட்டில் இருவாச்சியை முதன்முதலாகப் பார்த்தவர் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் ஒன்றுதான்: "அடேயப்பா, என்ன கலர்!" மூன்றடிக்கும் மேல் நீளம், கறுப்பு வெள்ளைச் சிறகு, மஞ்சள் கழுத்து, வளைந்த மஞ்சள் அலகு, அதற்கு மேலே கவிழ்த்து வைத்த மஞ்சள் மகுடம். மேடையில் ஏறினால் கைதட்டல் நிச்சயம். நமக்கு மேடை எதற்கு? திரையை விலக்கிக்கொண்டு பின்னால் போவோம், வாருங்கள். வேடிக்கை எல்லாம் அங்கேதான்.

முதல் கிசுகிசு: அந்த மஞ்சள், மேக்கப்! வாலின் அடியில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று இருக்கிறது. இது பல பறவைகளுக்கும் உள்ளதுதான். ஆனால் இருவாச்சியின் எண்ணெய் மஞ்சளாகச் சுரக்கிறது. சுரப்பியின் நுனியில் குட்டி இறகுக் குஞ்சம் வேறு, பிரஷ்ஷும் தயார். பறவை தலையைப் பின்னால் திருப்பி, அலகையும் மகுடத்தையும் அதில் தேய்க்கிறது. பிறகு கழுத்து, சிறகின் வெள்ளைப் பட்டை என்று பொறுமையாக ஒவ்வோர் இடமாகப் பூசிக்கொள்கிறது. அருங்காட்சியகத்தில் பாடம்செய்து வைத்த இருவாச்சிகளைப் பாருங்கள், மஞ்சள் மங்கி வெளுத்திருக்கும். டச்-அப் செய்ய ஆளில்லையே!

நம்ப மறுப்பவர்களுக்கு சிங்கப்பூரிலிருந்து சாட்சி உண்டு. 2018ல் ஜூரோங் பறவைப் பூங்காவில் ஜாரி என்ற 22 வயது ஆண் இருவாச்சிக்கு மகுடத்தில் புற்றுநோய். மருத்துவர்கள் நோய் பிடித்த மகுடத்தை அறுத்து எடுத்துவிட்டு, முப்பரிமாண அச்சில் செய்த செயற்கை மகுடத்தைப் பொருத்தினார்கள். ஜாரி என்ன செய்தார் தெரியுமா? அந்தப் புது மகுடத்தையும் எண்ணெய்ச் சுரப்பியில் தேய்த்து மஞ்சள் பூச ஆரம்பித்துவிட்டார். கலைஞன் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

போகிற போக்கில் கண்ணையும் பார்த்துவிடுங்கள். ஆணுக்குச் சிவப்பு விழி, பெண்ணுக்கு வெள்ளை. இருவருக்கும் பொறாமைப்பட வைக்கும் நீளமான இமை மயிர்கள். கிட்டத்தில் போனால் அதுவும் மயிரல்ல, உருமாறிய இறகு!

இப்போது உள்ளறை, அதாவது கூடு. "அனுமதி இல்லை" என்று எழுதி ஒட்டாத குறைதான். இருவாச்சிக்கு மரத்தைக் குடையத் தெரியாது. முதிய பெருமரத்தில் தானாக விழுந்த பொந்து வேண்டும். கிடைத்துவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு அதே வீடுதான். பெண் உள்ளே நுழைந்ததும் வாசலை அடைக்கத் தொடங்குவாள். சிமென்ட் எது என்று கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள்: பெரும்பாலும் அவளுடைய எச்சம்தான். அதோடு பழச்சக்கை, மரத்தூள், சில சமயம் வெளியே இருக்கும் ஐயா, அதாவது ஆண், கொண்டுவந்து கொடுக்கும் மண். அலகின் பக்கவாட்டால் தட்டித் தட்டிப் பூசுகிறாள். காய்ந்தால் கெட்டிச் சுவர். நடுவில் அலகு நுனி நுழையும் அளவுக்குச் செங்குத்தாக ஒரு கீறல் மட்டும் மிச்சம்.

அடுத்த இரண்டு மூன்று மாதங்கள் அம்மணி வெளியே வரமாட்டாள். ஒன்றோ இரண்டோ முட்டை, ஏறக்குறைய 40 நாள் அடைகாப்பு. அந்த இருட்டிலேயே உடை மாற்றமும் நடக்கிறது: பழைய இறகுகளை உதிர்த்துவிட்டுப் புது இறகு வளர்த்துக்கொள்கிறாள். வீட்டில் குப்பை சேருமே என்றால், அதற்கும் வழி வைத்திருக்கிறாள். பின்பக்கத்தைக் கீறலுக்கு நேராக வைத்து எச்சத்தை வெளியே பீய்ச்சிவிடுவாள், விதைகளையும் எறிந்துவிடுவாள். மரத்தடியில் நாற்றுகள் கும்பலாக முளைத்து நிற்கும். ஆராய்ச்சியாளர்கள் அந்தக் குப்பையைக் கிளறியே வீட்டுச் சமையல் என்ன என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

சமையல் என்றால் ஆல், அத்தி வகைப் பழங்கள், காட்டு ஜாதிக்காய், இடையிடையே ஓணான், பாம்புக்குட்டி என்று கொஞ்சம் அசைவம். எல்லாம் ஐயாவின் கொள்முதல். தொண்டைக்குள் பழங்களை அடைத்துக்கொண்டு, சிறகுச் சத்தம் காட்டையே எழுப்ப வந்து இறங்குவார். சிறகின் அடிப்பக்கத்தை மூட வேண்டிய சிறு இறகுகள் அவருக்கு இல்லாததால், இடுக்குகளில் காற்று புகுந்து 'ஹுஷ் ஹுஷ்' என்று முழங்கும். மரத்தில் தொற்றிக்கொண்டு, தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக மேலே கொண்டுவந்து, அலகு நுனியில் ஏந்தி, கீறலுக்குள் நீட்டுவார். உள்ளிருந்து இன்னோர் அலகு நுனி வந்து வாங்கிக்கொள்ளும். நுனிக்கு நுனி, ஒரு பழம் சிந்தாமல்!

என்னைக் கிறுகிறுக்க வைப்பது அடுத்த காட்சி. குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் அம்மா சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறாள். மகுடம்கூட முளைக்காத அந்தக் குஞ்சு, யாரும் சொல்லாமலே, உடைந்த வாசலை உள்ளேயிருந்து மறுபடி அடைத்துக்கொள்கிறது! அதன்பிறகு அம்மாவும் அப்பாவும் சேர்ந்து இரை சுமக்க வேண்டியதுதான். குஞ்சுக்கு மகுடம் முழுசாக வளர இன்னும் ஐந்து வருஷமாகும்.

இந்த வீடுகளின் விலாசம் தெரிந்தவர்கள் காடர் பழங்குடியினர். கேரளத்தின் வாழச்சால் காடுகளில் ஒரு காலத்தில் கூட்டிலிருந்து குஞ்சு எடுத்தவர்கள், இன்று வனத்துறையோடு சேர்ந்து அதே கூடுகளைக் கண்காணிக்கிறார்கள். எந்த மரம், எந்தப் பொந்து, இந்த வருஷம் அடைத்துவிட்டதா என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

நாம் அங்கே எட்டிப் பார்க்க வேண்டாம். கீழே ஆள் நின்றால் ஐயா கூட்டுக்கு வரத் தயங்குவார். உள்ளே இருப்பவர்கள் பட்டினி. வால்பாறைப் பக்கம் பழுத்த ஆலோ இத்தியோ தென்பட்டால் தூரத்தில் நின்று பைனாகுலரைத் தூக்குங்கள். இருவாச்சியின் நாக்கு குட்டை, அலகு நுனிவரை எட்டாது. அதனால் பழத்தை நுனியில் கவ்வி, தலையைச் சுண்டி மேலே தூக்கிப் போட்டு, வாய்க்குள் வாங்கும். குறி தப்பாது.

எவ்வளவு தப்பாது என்பதற்கு வில்லியம் அத்தாட்சி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் அலுவலகத்தில் 1894 முதல் 1920 வரை வாழ்ந்த இருவாச்சி அவர். அந்தக் கழகத்தின் சின்னத்தில் இருப்பதும் இருவாச்சிதான். இன்றைய அலுவலகத்தின் பெயரே ஹார்ன்பில் (இருவாச்சி) ஹவுஸ். வில்லியம் வாழைப்பழமும் உயிருள்ள எலியும் விரும்பிச் சாப்பிடுவார், தண்ணீரைத் தொடமாட்டார். ஓய்வு நேரத்தில் 30 அடி தூரத்திலிருந்து யாராவது டென்னிஸ் பந்தை வீச வேண்டும். ஐயா அலகாலேயே கேட்ச் பிடிப்பார்.