காலி நிலத்துக்கும் பட்டா உண்டு

அமெரிக்க அரசின் நில நிர்வாகத் துறை வெளியிடும் வரைபடங்களில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு நிறம். அந்தத் துறையின் கையில் இருப்பது மஞ்சள், வனத்துறையுடையது பச்சை, தனியாருடையது வெள்ளை. ஆரிகன் மாநிலத்தின் தென்கிழக்கில் உள்ள ஹார்னி மாவட்டத்தின் வரைபடத்தை விரித்தால் பெரும்பாலும் மஞ்சள்தான். நடுநடுவே வெள்ளைப் பட்டைகள் வளைந்து வளைந்து போகும். அவற்றின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தால், பல இடங்களில் கூடவே ஒரு நீலக் கோடும் வருவது தெரியும். அது ஓடையாகவோ ஆறாகவோ இருக்கும்.

ஹார்னியின் பரப்பு 26,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். மக்கள் ஏழாயிரத்துச் சொச்சம். மாடுகள் அதைவிடப் பல மடங்கு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 அடிக்கு மேல் கிடக்கும் இந்தப் பூமியை ‘உயர் பாலை’ என்கிறார்கள். பாலை என்றதும் மணல்மேட்டையும் ஒட்டகத்தையும் நினைத்துக்கொண்டு போகிறவருக்கு ஏமாற்றம்தான். சாம்பல் பூத்த பச்சையில் முழங்காலும் இடுப்புமாய் சேஜ்பிரஷ் புதர்கள், இங்கொன்றும் அங்கொன்றுமாக ஜூனிப்பர் மரம், கறுத்த எரிமலைப் பாறை, மிச்சமெல்லாம் வானம். இப்படி ஆளரவமற்ற இடத்தில் ஒரு கூடாரம் அடிக்க யாரைக் கேட்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். மஞ்சளில் அநேகமாக யாரையும் கேட்க வேண்டாம், காசும் வேண்டாம். வெள்ளையில் கேட்க வேண்டும், பணமும் கொடுக்க வேண்டும். அப்படியும் வெள்ளையைத் தேடிப் போகிறவர்கள் பெருகிவருகிறார்கள்.

காரணம் அந்த நீலக் கோடு.

1862-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், ஐந்து ஆண்டு தங்கிப் பாடுபட்டவருக்கு 160 ஏக்கர் நிலத்தைச் சொந்தமாக்கிக் கொடுத்தது. மழை பெய்யும் சமவெளியில் அது ஒரு குடும்பத்துக்குத் தாராளம். இங்கே 160 ஏக்கர் புதர்க்காட்டை வைத்துக்கொண்டு நாலைந்து மாடுகளைக்கூட ஆண்டு முழுக்கக் காப்பாற்ற முடியாது. ஆனால் அந்த 160 ஏக்கரில் ஓர் ஓடை ஓடினால் கதையே வேறு. சுற்றியுள்ள பல்லாயிரம் ஏக்கர் வறண்ட நிலத்தில் யாருடைய மாடு மேய்ந்தாலும் தண்ணீருக்கு அங்கேதானே வந்தாக வேண்டும்? ஓடையைப் பிடித்தவர் பத்திரமே இல்லாமல் மற்றதையும் பிடித்தவர் ஆனார்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் பீட்டர் ஃப்ரெஞ்ச். 1872-இல் கலிபோர்னியாவிலிருந்து சுமார் 1,200 மாடுகளை ஓட்டிக்கொண்டு ஸ்டீன்ஸ் மலையடிவாரத்துக்கு வந்தார். பின்னால் பணம் போட்டவர் ஹியூ க்ளென். பிற்பாடு மாமனாரும் ஆனார். இருவர் பெயரையும் சேர்த்துத்தான் அங்கே இன்றும் ஃப்ரெஞ்ச்க்ளென் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ‘சதுப்பு நிலம்’ என்று எழுதிக் கொடுத்தால் மலிவு விலைக்கு நிலம் தரும் சட்டம் ஒன்று அந்நாளில் இருந்தது. வண்டியில் ஒரு படகை ஏற்றி, அதில் உட்கார்ந்தபடி காய்ந்த தரையைச் சுற்றிவந்து, “படகில் கடந்தேன்” என்று சத்தியம் செய்தவர்களைப் பற்றி மேற்குப் பகுதியில் ஒரு பழங்கதை உண்டு. கதை எப்படியோ, ஃப்ரெஞ்சின் கைக்கு லட்சம் ஏக்கருக்கு மேல் வந்தது. 1897 டிசம்பரில், நிலத் தகராறிலும் வழித் தகராறிலும் மோதிக்கொண்டிருந்த எட்வர்ட் ஆலிவர் என்ற குடியேறி அவரைச் சுட்டுக் கொன்றார். சுடப்பட்டபோது ஃப்ரெஞ்சிடம் ஆயுதம் இல்லை. ஆனாலும் உள்ளூர் ஜூரி ஆலிவரை விடுதலை செய்துவிட்டது. பெரிய பண்ணைக்காரர்மீது ஊருக்கு இருந்த கோபத்தின் அளவு அது. குளிர்காலத்தில் குதிரைகளைப் பழக்க அவர் கட்டிய வட்டத் தொழுவம் இன்றும் நிற்கிறது. பயணிகள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

யாருமே விரும்பாத வறண்ட மிச்சம் அரசிடமே தங்கியது. நம் ஊர் வருவாய்க் கணக்கில் அதை மேய்க்கால் புறம்போக்கு என்று எழுதியிருப்பார்கள். 1934-இல் வந்த டெய்லர் மேய்ச்சல் சட்டம் அதைப் பண்ணைகளுக்குப் பங்கிட்டு, கட்டணமும் வைத்தது. அந்தக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை 1.35 டாலர். அதே பண்ணைக்காரர் தன் சொந்த நிலத்தில் ஒரு குடும்பத்துக்குக் கூடாரம் அடிக்க இடம் கொடுத்தால் ஒரே இரவுக்கு அதைப் போலப் பல மடங்கு கிடைக்கும். இந்தக் கணக்கு ரொம்ப நாள் யாருக்கும் உறைக்கவில்லை என்பதுதான் வியப்பு.

உறைக்கவைத்தது இணையம். 2009-இல் தொடங்கிய ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ், வீட்டு வண்டியில் ஊர் சுற்றுகிறவர்களைப் பண்ணைகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் ஓரிரவு நிறுத்த வழிசெய்தது. அங்கே இடத்துக்கு வாடகை இல்லை. உறுப்பினர் கட்டணம் கட்டியவர்கள், தங்கிய இடத்தில் ஏதாவது வாங்கிக்கொண்டு போவது மரியாதை. 2013-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அலிசா ரவாசியோ தொடங்கிய ஹிப்கேம்ப், கூடாரம் அடிக்க இடம் தேடுகிறவரையும் நிலம் வைத்திருப்பவரையும் நேராகச் சேர்த்துவைத்தது. வைக்கோல் வயலின் ஓரம், ஓடைக் கரை, பழைய தொழுவத்தின் பின்பக்கம் என்று இதுவரை காசு பார்க்காத மூலைகளுக்கெல்லாம் விலை வந்தது.

ஆனால் அரசு நிலத்தில் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாமே! உண்மைதான். அந்த இலவசத்தில் தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை, குப்பைத் தொட்டி இல்லை, பல இடங்களில் செல்போன் கோபுரமும் இல்லை. மழை பெய்தால் களிமண் பாதை சக்கரத்தை விழுங்கும். அங்கே எப்படித் தங்குவது என்று தெரிந்தவருக்கு அது சொர்க்கம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதல்முறையாகக் கூடாரம் வாங்கிப் போகிறவருக்கு ஓடையும் நிழலும் வேண்டும். வண்டி சிக்கினால் டிராக்டரோடு வர ஓர் ஆளும் வேண்டும். இவை மூன்றும் இருப்பது வெள்ளைப் பட்டையில்தான். வாடகை என்ற பெயரில் அவர் கொடுப்பது, நூற்றைம்பது ஆண்டுக்கு முன் யாரோ முந்திக்கொண்டு பிடித்த தண்ணீருக்கான விலை.

மஞ்சளும் வெள்ளையும் அருகருகே இருக்கும் இடம் ஆல்வர்ட் பாலை. ஸ்டீன்ஸ் மலை 9,733 அடி உயரம். மேற்கிலிருந்து வரும் மேகத்தைத் தடுத்து ஈரத்தைத் தானே வாங்கிக்கொள்கிறது. மறுபுறம் ஆண்டுக்கு 18 சென்டிமீட்டர் மழை தேறினால் பெரிது. அங்கே கிடக்கும் வறண்ட ஏரிப்படுகை கிட்டத்தட்ட 19 கிலோமீட்டர் நீளம், 11 கிலோமீட்டர் அகலம், மேசைபோலத் தட்டை. 1976-இல் செவித்திறன் இல்லாத சாகசக் கலைஞர் கிட்டி ஓ’நீல் ராக்கெட் வண்டியில் மணிக்கு 825 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது இங்கேதான். 2019-இல் அந்தச் சாதனையை முறியடிக்க முயன்ற ஜெசி காம்ப்ஸ் உயிரை விட்டதும் இங்கேதான். படுகையின் மேல் வண்டியை ஓட்டி எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாம். ஈரமாக இருந்தால் மட்டும் இறங்கக் கூடாது. மேலே காய்ந்த தோல், அடியில் சேறு. அதன் கரையில் வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. அது தனியார் சொத்து. கட்டணம் கட்டினால் சிமென்ட் தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து பாலையைப் பார்க்கலாம், அங்கேயே தங்கவும் செய்யலாம். பர்ன்ஸ் நகருக்குப் பக்கத்தில் உள்ள கிரிஸ்டல் கிரேன், மேற்கே சம்மர் லேக் என வேறு வெந்நீர் ஊற்றுகளும் இப்படித்தான் தனியார் கையில் தங்குமிடமாகியிருக்கின்றன.

இந்த நிலத்துக்கு ஒரே நாளில் கூட்டம் வந்தால் என்ன ஆகும் என்பதை 2017 ஆகஸ்ட் 21 காட்டியது. முழு சூரிய கிரகணத்தின் பாதை ஆரிகனின் குறுக்கே போனது. பிரைன்வில்லுக்குக் கிழக்கே பிக் சம்மிட் பிரெய்ரி என்னும் தனியார் பண்ணையில் நடந்த விழாவுக்கு மட்டும் சுமார் 30,000 பேர் கூடாரத்தோடு வந்து சேர்ந்தார்கள். மலைப்பாதையில் வண்டிகள் மைல்கணக்கில் நின்றன. மேட்ராஸ் நகரைச் சுற்றியிருந்த விவசாயிகளும் வயலில் கட்டம் போட்டு வாடகைக்கு விட்டார்கள். முழு இருட்டு நீடித்தது இரண்டு நிமிடம்தான்.

இன்னொரு கூடார நகரத்தை இந்த மாநிலம் வேறு விதத்தில் பார்த்திருக்கிறது, அதில் இந்தியத் தொடர்பும் உண்டு. 1981-இல் ஓஷோ ரஜ்னீஷின் சீடர்கள் ஆன்டலோப் என்ற குக்கிராமத்துக்கு அருகே பிக் மடி ராஞ்ச் எனும் 64,000 ஏக்கர் மாட்டுப் பண்ணையை வாங்கினார்கள். கோடை விழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடாரங்களில் வந்து தங்கினார்கள். 1984-இல் அவர்களில் சிலர் தி டால்ஸ் நகர உணவகங்களில் கிருமி கலந்து 751 பேரை நோயில் தள்ளிய குற்றம் உலகறிந்தது. அதற்கு முன்பே அவர்களுக்குத் தலைவலியாக இருந்தது ஆரிகனின் நிலப் பயன்பாட்டுச் சட்டம். விளைநிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் ஊராக மாற்றக் கூடாது என்று 1973-இல் வந்த சட்டம் அது. ஆசிரமம் 1985-இல் கலைந்தது. அதே பண்ணை இப்போது ஒரு கிறிஸ்தவ அமைப்பின் இளைஞர் முகாம்.

இன்று பத்துக் கூடாரத்துக்கு இடம் விட நினைக்கும் சாதாரண பண்ணைக்காரரும் அதே சட்டத்தைத்தான் எதிர்கொள்கிறார். விவசாய மண்டலத்தில் முகாம் நடத்த மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். தனித்தனி இடத்துக்குக் குடிநீர்க் குழாய், மின் இணைப்பு, கழிவுநீர்க் குழாய் கொடுக்கக் கூடாது. ஒருவர் ஆறு மாதத்தில் 30 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. யர்ட் எனும் வட்டக் கூடாரத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கலாம் என்று ஒரு விதிவிலக்கு. எந்த அதிகாரிக்கு யர்ட்மேல் பிரியமோ! சட்டம் கடுமையானதுதான். அது இல்லாவிட்டால் ஓடைக் கரையெல்லாம் வாடகை வீடாகி, வைக்கோல் விளைய இடம் மிஞ்சியிருக்காது என்பதையும் மறுக்க முடியாது.

தங்கப் போகிறவருக்கு எழுதப்படாத சட்டங்களும் உண்டு. கேட் திறந்திருந்தால் திறந்தே விட வேண்டும். மூடியிருந்தால் கடந்தபின் மூட வேண்டும். நல்லெண்ணத்தில் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போனால், உள்ளே நிற்கும் மாடுகள் தண்ணீருக்குப் போக வழியில்லாமல் தவிக்கும். மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்தால் மாடும் வராது, மானும் வராது. பக்கத்து மாநிலமான நெவாடாவில், விலங்குகளுக்கு வழி மறிக்கும்படி நீர்நிலையிலிருந்து 100 கஜத்துக்குள் முகாமிடுவது சட்டப்படி குற்றம். இங்கே பல பகுதிகள் திறந்த மேய்ச்சல் வெளி. மாடு சாலையில் நிற்கும், அதற்கு உரிமையும் உண்டு. இருட்டில் அதன்மேல் காரை மோதினால், மாட்டின் விலையை ஓட்டியவரே கொடுக்க நேரலாம்.

குளிரையும் லேசாக நினைக்கக் கூடாது. ஈரமில்லாத காற்றும் மேகமில்லாத வானமும் பகலில் வாங்கிய சூட்டைச் சூரியன் இறங்கியதுமே விட்டுவிடும். ஜூலையில் பகல் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிய இடத்தில் விடியற்காலை 10 டிகிரிக்குக் கீழே போவது சகஜம். வடக்கே செனெகா என்ற ஊரில் 1933 பிப்ரவரியில் மைனஸ் 48 டிகிரி பதிவானது. அந்தத் தெளிந்த வானத்துக்குத் தனி மவுசு இருக்கிறது: ஹார்னிக்கு மேற்கே உள்ள லேக் மாவட்டத்தின் 25 லட்சம் ஏக்கர் 2024-இல் சர்வதேச இருள்வானச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பால்வீதியைப் பார்க்க வருகிறவர்கள் கம்பளி எடுத்து வருவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலே தீ. வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய சீட்கிராஸ் என்ற புல் ஜூன் முடிவதற்குள் காய்ந்து சருகாகிவிடும். உயரமாக வளர்ந்த அந்தப் புல்லின் மேல் காரை நிறுத்தினாலே போதும், புகைக்குழாயின் சூட்டில் பற்றிக்கொள்ளும். 2012-இல் மின்னல் விழுந்து பற்றிய லாங் டிரா தீ, பக்கத்து மால்ஹ்யூர் மாவட்டத்தில் 5.5 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. மேய்ச்சல் நிலத்தோடு மாடுகளும் போயின. ஊர்களுக்கு இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல்கூட இருக்கும் இந்தப் பகுதியில் தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்க முடியாது. அதனால் பண்ணைக்காரர்களே சேர்ந்து தன்னார்வத் தீத்தடுப்புச் சங்கங்கள் வைத்திருக்கிறார்கள். புல்டோசரும் தண்ணீர் லாரியும் ஓட்டப் பயிற்சி எடுத்தவர்கள். கோடையில் நெருப்பு மூட்டத் தடை என்று முன்பதிவிலேயே எழுதியிருப்பதைப் பார்த்து, கூடாரம் என்றால் சுற்றி உட்கார நெருப்பு வேண்டாமா என்று சலித்துக்கொள்ளும் விருந்தாளிகள் உண்டு. இடம் கொடுத்தவரே இரவில் லாரியை எடுத்துக்கொண்டு அந்தத் தீயை அணைக்கப் போக வேண்டியவர் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.