தொலைக் கோப்புகளும் வெற்று அடைவும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் கணிப்பொறித் தொழில் பயிலும் இளைஞர் பெருகிவிட்டனர். அவர்கள் அடிக்கடி வழங்கும் சொற்களுள் 'மவுண்ட்' என்பது ஒன்று. வேறோர் இடத்துப் பொறியிலுள்ள கோப்புகளை நம் பொறியின் அடைவொன்றில், அங்கேயே இருப்பவை போலத் தோன்றும்படி பொருத்துதலே அது. இதற்கெனச் சன் மைக்ரோஸிஸ்டம்ஸ் நிறுவனத்தார் 1984-ஆம் ஆண்டில் உருவாக்கிய என்.எப்.எஸ். என்னும் முறை, பல திருத்தங்களுடன் லினக்ஸில் இன்றும் வழங்கி வருகிறது.

கையால் கட்டளை தட்டிச் செய்யுங்கால் பிழை திரையிலேயே தெரிந்துவிடும். நள்ளிரவில் ஆளின்றி ஓடும் நிரல் இதனைச் செய்யும்போதுதான் தொல்லை. நம் இதழின் பழைய பிரதிகளைப் படமெடுத்து நூலகப் பொறியில் சேர்த்து, இரவுதோறும் வேறொரு பொறிக்குப் படியெடுப்பதாகக் கொள்வோம். ஓரிரவு இணைப்புக் கிட்டவில்லை. பொருத்துதற்கென வைத்த அடைவோ வெறுமையாய் அங்கேயே இருக்கிறது. நிரல் அதனையே தொலைப்பொறியென்று நம்பிக் கோப்புகள் அனைத்தையும் நூலகப் பொறியின் வட்டிலேயே கொட்டிவிட்டு, 'முடிந்தது' என்று எழுதிவைக்கிறது. பார்சல் குமாஸ்தாவாகிய எனக்கு இவ்வகை புதிதன்று. மூட்டை பிளாட்பாரத்தில் கிடக்கும், ஏட்டிலோ வண்டியேறியிருக்கும். மறுநாள் இணைப்பு வந்துவிட்டால் இன்னும் வேடிக்கை. கொட்டிய கோப்புகள், மேலே பொருத்தப்பட்டதன் அடியில் மறைந்துபோகும். வட்டு நிறைவது தெரியும். எதனால் என்பது தெரியாது. அந்த வட்டு பழுதுற்றால் மூலமும் படியும் ஒருங்கே போய்விடும்.

ஆகவே, பொருத்தும் அழைப்பு என்ன விடை தந்தது என்று நிரல் முதலில் பார்த்தல் வேண்டும். வெற்றியெனில் பூஜ்யமும், தோல்வியெனில் கழித்தல் ஒன்றும் வரும். அதன்பின், அவ்வடைவின் சாதன எண்ணும் அதன் தாயடைவின் சாதன எண்ணும் வேறுபடுகின்றனவா என ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாயிருப்பின் அங்கு ஒன்றும் பொருந்தவில்லை; நிரல் அத்துடன் நிற்பதே முறை. இன்னொரு காப்பும் உண்டு. பொருத்துவதற்கு முன்னரே 'சாட்டர்' என்னும் கட்டளையால் வெற்று அடைவை மாற்றவொண்ணாததாகச் செய்துவிட்டால், முழு அதிகாரமுள்ள நிரலும் அதில் எழுத இயலாது. பொருத்துதலுக்கோ அது தடையாகாது.

லினக்ஸின் 'மவுண்ட்' அழைப்புக்கு ஐந்து செய்திகள் தரவேண்டும்: மூலம், இடம், வகை, குறிகள், விருப்பங்கள். இவற்றை நேரே கொடுத்துப் பார்ப்போர் பலர் ஓரிடத்தில் தடுக்கி விழுவர். கெர்னல் எனப்படும் மையப்பகுதி, பொறியின் பெயரை வைத்து முகவரி தேடாது. எண் முகவரியை விருப்பங்களுள் தனியே எழுதியாக வேண்டும். சாதாரணக் கட்டளையில் இவ்வேலையைச் செய்வது 'மவுண்ட்.என்.எப்.எஸ்.' என்னும் துணைநிரல். தக்க காரணமில்லாதவர் அக்கட்டளையையே தம் நிரலிலிருந்து ஏவுதல் நன்று. இதற்கு நிர்வாகி அதிகாரம் வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

தொலைப்பொறி இடையில் நின்றுபோனால் என்னாகும்? 'ஹார்டு' என்ற விருப்பத்தில், அது மீளும்வரை நிரல் காத்தே கிடக்கும். 'ஸாப்ட்' என்பதில், சில முயற்சிகளுக்குப் பின் பிழை திரும்பும். அதனை நிரல் கவனியாவிடில் பாதி எழுதிய கோப்பு முழுக்கோப்பாக உலவும். கால அளவு பத்தில் ஒரு நொடிக் கணக்கு. 600 என்றால் 60 நொடி. எழுதுவதற்கு ஹார்டு, படிப்பதற்கு மட்டுமாயின் ஸாப்ட் என்பது என் கருத்து. குறிப்பிடாவிடில் ஹார்டே அமையும்.

கழற்றும்போது, கோப்பொன்று திறந்திருந்தால் 'வேலையாயுள்ளது' என்று மறுப்பு வரும். 'சோம்பற் கழற்றல்' என்றொரு வழி உண்டு. அது அடைவின் பெயரை உடனே நீக்கிவிடும். உண்மையான விடுவிப்போ கடைசிக் கோப்பு மூடப்பட்ட பின்னரே நிகழும். அதுவரை தொலைப்பொறியை நிறுத்தலாகாது.