அருவி ஊட்டும் மூச்சு

ஒசாகாவிலிருந்து கிழக்கே ரயிலேறினால் மியே மாகாணத்தின் நபாரி என்ற சிறு நகரம் வரும். அதை ஒட்டிய மலைக்காட்டில், ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து விழுகின்றன அகாமே அருவிகள். மேப்பிள் இலைகள் சிவக்கும் நவம்பரில் கூட்டம் கூடும். மற்ற மாதங்களில், அதுவும் வார நாட்களில், தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

அருவிகளின் பின்னே எழும் பாறைச்சுவர்கள் சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலை வெடிப்பில் பிறந்தவை. கொதிக்கும் சாம்பல் தன் வெப்பத்தாலேயே உருகி ஒட்டிக்கொண்டு பாறையானது. குளிரக் குளிரச் சுருங்கி, மேலிருந்து கீழாக வெடிப்பு விட்டது. இன்றைக்கும் நீர் அரிக்கும்போது அந்த வெடிப்புகளின் வழியாகவே பாறை பிளந்து விழுகிறது. அதனால்தான் இங்கே அருவிமுகங்கள் செங்குத்தாக நிற்கின்றன.

இந்த நீரோடையில் வாழும் உயிர்தான் என்னை மலைக்கவைக்கிறது: ஜப்பானிய ராட்சத சாலமாண்டர். தவளைக்கு உறவான நீர்நில வாழ்வி. ஒன்றரை மீட்டர் வரை வளரக்கூடியது. இதற்குச் செவுள் இளமையோடு மறைந்துவிடும். நுரையீரல் இருந்தும் அது பெரிதாக உதவுவதில்லை. மூச்சில் பெரும்பங்கை உடலின் இருபுறமும் மடிந்து தொங்கும் தோலே பார்த்துக்கொள்கிறது. இப்படி வாழ, நீரில் ஆக்சிஜன் நிறைந்திருக்க வேண்டும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும். 10 டிகிரியில் அது 11 மில்லிகிராமைத் தாண்டும். காட்டு நிழல் நீரைக் குளிர வைக்கிறது, அருவி அதில் காற்றைக் கலக்கிறது. இரண்டில் எது குறைந்தாலும் இந்த விலங்குக்கு மூச்சு முட்டும்.

கோடை முடியும் தறுவாயில், கரையோர நீரடிப் பொந்தை ஓர் ஆண் பிடித்துக்கொள்ளும். பெண் அங்கே வந்து சில நூறு முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும். பிறகு மாதக்கணக்கில் காவல் ஆணுடையது: வாலை அசைத்து முட்டைகளுக்குப் புதுநீர் தள்ளும், கெட்டுப்போன முட்டைகளைத் தின்று, பூஞ்சை மற்றவற்றுக்குப் பரவாமல் காக்கும்.

ஜெர்மானிய மருத்துவர் சீபோல்ட் ஜப்பானிலிருந்து கொண்டுபோன ஒரு சாலமாண்டர், 1881 வரை நெதர்லாந்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தது. அவ்வளவு நெடிய ஆயுள் கொண்ட உயிரைத் தடுக்க ஆற்றின் குறுக்கே ஒரு சிறு கான்கிரீட் சுவர் போதும். முட்டையிட மேலேறும் சாலமாண்டர்கள் தடுப்பணைகளின் வழவழப்பான செங்குத்துச் சுவரடியில் நின்றுவிடுகின்றன. கரைகளுக்குக் கான்கிரீட் பூசினால் பொந்துகளும் போய்விடும். சில இடங்களில் படிச்சரிவுகளும் செயற்கைப் பொந்துகளும் அமைத்திருக்கிறார்கள்; எல்லா ஆறுகளுக்கும் இது வர வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. உணவுக்காக இறக்குமதியான சீன ராட்சத சாலமாண்டர்கள் ஆறுகளில் கலந்து உள்ளூர் இனத்தோடு இணைந்ததில், கியோட்டோவின் காமோ ஆற்றில் கலப்பினமே பெருகிவிட்டது.

ஜப்பான் 1952-லேயே இந்த இனத்தைச் சிறப்பு இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது. அனுமதியின்றித் தொடுவதும் பிடிப்பதும் குற்றம். அகாமே நுழைவாயிலிலேயே சாலமாண்டர் காட்சியகம் உண்டு. ஆசை தீர அங்கே பாருங்கள். ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டித் தேடாதீர்கள்.