அலைவரை ஒரு பாதை

நுழையும்முன்

கடற்கரைக்குக் கதவு இல்லை, காவலும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. ஏழை, செல்வர் என்னும் வேறுபாடின்றி யாவரும் காற்று வாங்கும் பொதுவெளி அது. ஆயினும், அலையில் கால் நனைக்கும் எளிய இன்பம் நம்மிடையே வாழும் பலருக்கு நெடுங்காலம் எட்டாததாகவே இருந்து வந்தது. அவர்களைத் தடுத்தது எது? அத்தடையை நீக்குவது எவ்வாறு? கடற்கரையிலும் பிற பொது இடங்களிலும் அனைவரும் பங்குபெறும் உரிமை குறித்து இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மணல் என்னும் மதில்

கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் என்று நிலத்தை வகுத்து வாழ்ந்தவர்கள் தமிழர்கள். இன்றும் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடற்கரையைக் கொண்டது தமிழ்நாடு. அக்கரையில் உள்ள நகரங்களுள் முதன்மையானது சென்னை. அந்நகரின் அடையாளமாகத் திகழ்வது மெரினா கடற்கரை. 1884ஆம் ஆண்டில் சென்னை ஆளுநர் கிராண்ட் டஃப் கடலோரத்தில் உலாவுதற்குரிய நடைபாதையை அமைத்து, அதற்கு மெரினா என்று பெயரிட்டார்.

இன்று நாம் காணும் அகன்ற மணற்பரப்பு முழுவதும் இயற்கையின் கொடை அன்று. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின், தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கடலோட்டம் கொண்டு வந்த மணல், துறைமுகச் சுவரால் தடுக்கப்பட்டு அதன் தென்புறத்தில் சேரத் தொடங்கியது. ஆண்டுதோறும் கரை அகன்றது. இன்று பல இடங்களில் சாலையோர நடைபாதைக்கும் அலைக்கும் இடையே ஏறத்தாழ 300 மீட்டர் மணல் விரிந்து கிடக்கிறது. நடப்பவருக்கு அது சில நிமிடத் தொலைவு. சக்கர நாற்காலியில் வருபவருக்கோ தாண்ட இயலாத மதில்.

மணலில் சக்கரம் புதைவது ஏன்? அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்துப் பெறுவது என இயற்பியலில் படித்திருப்பீர்கள். சக்கர நாற்காலியும் அதில் அமர்ந்தவரும் சேர்ந்து 100 கிலோகிராம் எடை எனக் கொள்வோம். மெல்லிய சக்கரங்கள் தரையைத் தொடும் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் மட்டுமே எனில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 5 கிலோகிராம் எடையைத் தாங்க வேண்டும். உலர்ந்த மணல் அதனைத் தாங்காது, விலகிக்கொடுக்கும், சக்கரம் புதையும். அதே எடையை அகன்ற காற்றுருளைச் சக்கரங்களின் வழியே 500 சதுர சென்டிமீட்டரில் பரப்பினால், சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம் எடையே விழும். ஒட்டகம் தன் அகன்ற பாதத்தால் பாலையைக் கடக்கும் நுட்பமும் இதுவே. கடற்கரைச் சக்கர நாற்காலிகள் இந்த அடிப்படையில்தான் உருவாக்கப்படுகின்றன. மணலின்மீது உறுதியான பாதை அமைப்பது மற்றொரு வழி.

தடை எங்கே இருக்கிறது?

ஒருவரால் படியேற இயலவில்லை என்றால், குறை அவருடைய காலில் உள்ளது என்றே உலகம் நெடுங்காலம் கருதி வந்தது. அதே இடத்தில் படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் அமைத்துவிட்டால், அவர் பிறரைப் போலவே உள்ளே சென்றுவிடுகிறார். அவருடைய கால் மாறவில்லை, கட்டடம் மாறியது. அப்படியாயின் தடை இருந்தது உடலில் அன்று, கட்டடத்தில்தான். இந்த எளிய உண்மையை உணர மனித குலத்துக்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

இரட்டைப்புலவர்களை நீங்கள் அறிவீர்கள். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். பார்வையற்றவர் தம் தோளில் மற்றவரைச் சுமந்து செல்ல, சுமக்கப்பட்டவர் வழிகாட்ட, ஊர் ஊராகச் சென்று பாடினர் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. கலம்பகம் பாடுவதில் வல்லவர்கள் என்று தமிழுலகம் அவர்களைப் போற்றுகிறது. அவர்களுடைய நட்பு வியந்து போற்றத்தக்கது. எனினும், எல்லாருக்கும் ஒரு தோள் வாய்ப்பதில்லை. வாய்த்தாலும், விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்திற்குத் தாமே செல்லும் உரிமைக்கு அது ஈடாகாது. பிறர் தூக்கிச் சென்று கடலைக் காட்டுவது அன்பு; தாமே சென்று கடலைக் காண வழிசெய்வது நீதி. நாகரிகச் சமுதாயம் அன்போடு நின்றுவிடாமல் நீதியையும் வழங்க வேண்டும்.

மெரினாவின் மரப்பாதை

சென்னையில் இந்த நீதிக்கான கோரிக்கை பல ஆண்டுகள் ஒலித்தது. ஆண்டுதோறும் டிசம்பர் 3ஆம் நாள் பன்னாட்டு மாற்றுத்திறனாளிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளையொட்டி மெரினாவில் தற்காலிகப் பாதை அமைக்கும் முயற்சிகள் நிகழ்ந்தன. வாழ்நாளில் முதன்முறையாக அலையைத் தொட்டவர்களின் மகிழ்ச்சியை அந்நாள்கள் ஊருக்குக் காட்டின. ஆனால், சில நாள்களில் பாதை அகற்றப்படும். கடல் மீண்டும் தொலைவாகிவிடும். ஆண்டுக்குச் சில நாள் கிடைப்பது விழா. எந்நாளும் கிடைப்பதே உரிமை. ஆகவே நிரந்தரப் பாதை வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடைய அமைப்புகளும் தொடர்ந்து வலியுறுத்தினர்.

அதன் பயனாகச் சென்னை மாநகராட்சி அமைத்த மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறந்துவைக்கப்பட்டது. அதன் நீளம் 263 மீட்டர். அகலம் 3 மீட்டர். ஏறத்தாழ 1 கோடியே 14 இலட்சம் ரூபாய் செலவில் அது அமைந்தது. 3 மீட்டர் அகலம் என்பது பொருளுடையது. எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் இடிக்காமல் கடந்து செல்லவும், ஒருவர் திரும்பி வரவும் அது இடம் தருகிறது. பின்னர் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் இத்தகைய பாதை அமைக்கப்பட்டது.

புயல் கற்பித்த பாடம்

பாதை திறந்து பதினைந்து நாள்கள்கூட நிறைவடையவில்லை. டிசம்பர் 9ஆம் நாள் நள்ளிரவையொட்டி மாமல்லபுரம் அருகே மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது. சீறிவந்த அலைகள் மரப்பாதையின் கடற்புறப் பகுதியைச் சிதைத்தன. புதிய பாதை உடைந்து கிடந்த காட்சி பலரையும் வருந்தச் செய்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது.

இந்நிகழ்வு நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. கட்டிமுடிப்பதோடு கடமை முடிவதில்லை; காப்பதும் கட்டுவதன் பகுதியே. உப்புக்காற்று ஆணிகளை அரிக்கும். மரம் ஈரத்தில் உப்பும். காற்று நாள்தோறும் பாதையின்மீது மணலைக் குவிக்கும். ஒரு பலகை பெயர்ந்தால் நடப்பவர் தாண்டிச் செல்வார். சக்கர நாற்காலியோ அங்கேயே நின்றுவிடும். 263 மீட்டர் பாதையில் ஒரு மீட்டர் பழுதுபட்டாலும், பழுதுபட்டது முழுப் பாதையே ஆகும்.

சங்கிலியின் கண்ணிகள்

ஒருவர் கடற்கரையை அடைவது பாதையின் தொடக்கத்தில் தொடங்குவதில்லை. அவருடைய வீட்டு வாசலில் தொடங்குகிறது. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம், பேருந்து, சாலையைக் கடக்கும் இடம், நடைபாதை, மரப்பாதை, கழிப்பறை, மீண்டும் வீடு என நீளும் அப்பயணம் ஒரு சங்கிலி போன்றது. ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி பயன்படாது.

பேருந்தை எடுத்துக்கொள்வோம். உயர்ந்த படிகளை உடைய பேருந்தில் சக்கர நாற்காலியை ஏற்ற இயலாது. தாழ்தளப் பேருந்துகளில் படிகள் இல்லை. நிறுத்தத்தில் பேருந்தின் ஒரு பக்கம் சற்றே தாழ்ந்து இடம் கொடுக்கும். சாய்பலகை ஒன்று தரையைத் தொடும். இவ்வகைப் பேருந்துகள் 2024ஆம் ஆண்டு முதல் சென்னையில் இயங்குகின்றன.

அடுத்து, சாய்தளம். சாய்வாக எதை அமைத்தாலும் அது சாய்தளம் ஆகிவிடாது. ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒற்றைப் படிக்குக்கூட 180 சென்டிமீட்டர் நீளச் சாய்தளம் தேவை. இதனினும் செங்குத்தானது ஏறுவோரைக் களைக்கச் செய்யும், இறங்குவோரைக் கவிழ்க்கும்.

இனி, நடைபாதை. இருசக்கர வாகனங்கள் ஏறாதிருக்க நடைபாதைகளின் முனையில் இரும்புத் தூண்களை நெருக்கமாக நடுகின்றனர். அத்தூண்கள் சக்கர நாற்காலியையும் தடுத்துவிடுகின்றன. தூண்களுக்கிடையே 90 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் சக்கர நாற்காலி நுழையும். இருசக்கர வாகனமும் நுழையும். இச்சிக்கலைப் பொறியாளர் ஒருவர் மட்டும் தீர்த்துவிட இயலாது. நடைபாதையில் வண்டி ஓட்டுவதில்லை என்று குடிமக்கள் உறுதி கொண்டால்தான் அத்தூண்கள் விலகும். சிலருடைய அவசரத்திற்காக நடப்பட்ட தூண், வேறு சிலருடைய வாழ்வையே வீட்டுக்குள் அடைத்துவிடுகிறது.

சக்கரம் மட்டுமே அடையாளம் அன்று

மாற்றுத்திறனாளி என்றதும் சக்கர நாற்காலியே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் 2016ஆம் ஆண்டின் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. பார்வையற்றவருக்குச் சாய்தளத்தைவிடத் தொட்டுணரும் தரையே தேவை. காதுகேளாதவருக்குக் கடலோரக் காவலரின் ஊதல் ஒலி எட்டாது. கண்ணில் படும் கொடியே எச்சரிக்கையாகும். அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்குப் படங்களுடன் கூடிய எளிய அறிவிப்புப் பலகை உதவும். ஆகவே, பொது இடத்தைத் திட்டமிடும்போதே பல்வகை மாற்றுத்திறனாளிகளையும் அழைத்து, அவர்கள் கருத்தைக் கேட்டல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

தொடர்வண்டி நிலையங்களில் மஞ்சள் நிறப் புடைப்பு ஓடுகளைக் கண்டிருப்பீர்கள். அவற்றை 1965ஆம் ஆண்டு உருவாக்கியவர் ஜப்பானியரான செய்இச்சி மியாகே. 1967 மார்ச் 18 அன்று ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீள்கோடுகள் ‘தொடர்ந்து செல்க’ என்பதையும், புள்ளிகள் ‘நின்று கவனிக்க’ என்பதையும் உணர்த்துகின்றன. அவற்றின்மீது வண்டியை நிறுத்துவது, ஒருவர் படிக்கும் பக்கத்தை மறைப்பதற்கு ஒப்பாகும்.

ஒருவருக்கு அமைத்தது ஊருக்கே

சிலருக்காக இவ்வளவு செலவா என்று வினவுவோர் உண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2 கோடியே 68 இலட்சம் மாற்றுத்திறனாளிகள் உள்ளனர்; தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். எனவே இது சிலருடைய தேவை அன்று. அன்றியும், சாய்தளத்தில் ஏறுபவர் யார் என்று சிறிது நேரம் கவனித்துப் பாருங்கள். கைத்தடி ஊன்றிய முதியவர், நிறைமாதப் பெண், குழந்தை வண்டியைத் தள்ளும் தாய், காலில் கட்டுப் போட்ட இளைஞர், சுமையுடன் வரும் தொழிலாளி என யாவரும் அதனையே நாடுகின்றனர். முதுமை நம் எல்லாரையும் நோக்கி வந்துகொண்டிருக்கிறது. இன்று பிறருக்காக நாம் அமைக்கும் பாதையில் நாளை நாமே நடப்போம்.

சட்டம் தரும் வலிமை

ஐக்கிய நாடுகள் அவை 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 2007ஆம் ஆண்டு அதனை உறுதிசெய்தது. கல்வி, வேலை ஆகியவற்றோடு பண்பாடு, பொழுதுபோக்கு, விளையாட்டு ஆகியவற்றிலும் பங்குபெறும் உரிமையை அவ்வுடன்படிக்கை கூறுகிறது. கடற்கரையில் அமர்ந்து காற்று வாங்குவதும் மனித உரிமையே என்பது இதன் பொருள்.

அதனைப் பின்பற்றி இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தடை என்பதற்கு விரிந்த பொருள் தருகிறது. கட்டட அமைப்பில் உள்ள தடைகளை மட்டுமன்றி, மனப்பான்மையில் உள்ள தடைகளையும் அது சுட்டுகிறது. அணுகுவசதிக்கான விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் போதாது. கட்டாயமாகக் கடைப்பிடிக்கத்தக்க அளவுகள் வகுக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. ‘செய்தால் நல்லது’ என்றிருந்த நிலை, ‘செய்தே ஆக வேண்டும்’ என்னும் நிலைக்கு உயர இத்தீர்ப்பு வழிவகுத்தது.

நம் பங்கு

மாணவர்களே! உங்களுள் பலர் நாளை பொறியாளராகவும் கட்டடக் கலைஞராகவும் ஆட்சியாளராகவும் விளங்கப் போகிறீர்கள். நீங்கள் வரையும் ஒவ்வொரு கோட்டிலும் ஒருவருக்கு வழி திறக்கும், அல்லது அடைபடும். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. சாய்தளத்தின் முன்னே மிதிவண்டியை நிறுத்தாதிருத்தல், மரப்பாதையில் சக்கர நாற்காலிக்கு முதலில் வழிவிடுதல், உதவும் முன் “உதவி வேண்டுமா?” என்று கேட்டல் ஆகியவை இன்றே செய்யத்தக்கவை. இரக்கப் பார்வை ஒருவரைச் சிறுமைப்படுத்தும். இயல்பான பார்வை அவரை நிகராக்கும்.

கடல் எவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. வந்தவர் காலை எல்லாம் அதன் அலை நனைக்கிறது. அந்த அலைவரை செல்லும் பாதையை அமைப்பதும், அதனைக் காப்பதும், அதில் தடையாக நில்லாதிருப்பதும் மனிதரின் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி நுழைவாயிலிலிருந்து வகுப்பறை, நூலகம், கழிப்பறை ஆகியவற்றிற்குச் சக்கர நாற்காலியில் ஒருவர் தாமே செல்ல இயலுமா? படிகளின் உயரத்தை அளந்து, தேவையான சாய்தளத்தின் நீளத்தைக் கணக்கிட்டு அறிக்கை அளிக்க.

2. உங்கள் ஊரில் உள்ள பொது இடம் ஒன்றில் அணுகுவசதி ஏற்படுத்தித் தருமாறு உள்ளாட்சி அமைப்புக்கு விண்ணப்பம் எழுதுக.

3. ‘தடை உடலில் இல்லை, அமைப்பில் இருக்கிறது’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.