உங்களுக்குத் தெரியுமா? பாட்டுக்குப் பாவு போட்டவர்கள்

தேசூரில் பட்டு நெய்கிறவர்களைக் கேளுங்கள்: கண்ணைப் பறிப்பது ஜரிகை, அதைத் தாங்குவது பாவு. சினிமாப் பாட்டில் அந்தப் பாவு, பேஸ் கிட்டார். வழக்கமாக நான்கு கம்பி. தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் நொடிக்குச் சுமார் 41 அதிர்வு. சின்ன ரேடியோவில் சரியாகவே கேட்காது. ஆனால் அதை எடுத்துவிட்டால் பாட்டு படுத்துவிடும்.

இளையராஜாவின் பல பாடல்களில் பேஸ் வாசித்தவர் சசிதரன். அந்தக் கால இசைத்தட்டு உறைகளில் பாடகர் பெயர் இருக்கும். வாத்தியக்காரர் பெயரைத் தேட வேண்டியதுதான். ரஹ்மானின் கேசட், சிடி உறைகள் வந்த பிறகே கீத் பீட்டர்ஸ் போன்ற பேஸ்காரர்களை ரசிகர்கள் பெயர் சொல்லி அறிந்தார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துப் பாடல்களின் முதுகெலும்பான பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர் உறையில் ஏறியது 1971இல். 1983இல் இறந்தார். அவரை அறிந்தவர்களிடம் பேசிப் பேசி ஆலன் ஸ்லட்ஸ்கி எழுதிய புத்தகம் 1989இல் வந்தது.

தன் கதையைத் தானே எழுதிய பேஸ்காரரும் உண்டு: ஆளுயர டபுள் பேஸ் வாசித்த ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸ். 1971இல் வெளிவந்த அந்தச் சுயசரிதை, மனநல மருத்துவரிடம் பேசுவதுபோல் தொடங்கும். அதில் இசையைவிட வம்புதான் அதிகம்!