நீங்கள் வைக்காத கையொப்பம்

யாழ்ப்பாணத்தில் ஒருவருடைய காணியை விற்க அவர் ஊரில் இருக்க வேண்டியதில்லை. அவர் ஊரில் இல்லாமல் இருப்பதுதான் விற்பவருக்கு வசதி. சொந்தக்காரர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார். இங்கே அவருடைய வயதை ஒத்த ஒருவர் அவருடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சொல்லி, நொத்தாரிசு முன்னால் இருந்து கையொப்பம் வைத்துவிட்டுப் போவார். விடயம் வெளியே வருவது வருடங்கள் கழித்து, யாரோ புதிதாக வேலி அடைக்க வரும்போது. ஊரில் இதற்குப் பெயர் கள்ள உறுதி.

கள்ள உறுதி என்றால் காணித் தகராறு, வட்ஸ்அப்பைப் பறிகொடுத்தால் போன் பிரச்சினை, எடுக்காத கடனுக்குக் கடிதம் வந்தால் வங்கியின் பிழை என்று தனித்தனியாகப் பார்த்துப் பழகிவிட்டோம். மூன்றிலும் நடந்தது ஒன்றுதான்: உங்கள் பெயரில் இன்னொருவர் நடமாடியிருக்கிறார். பரிகாரத்துக்கும் அடிப்படை ஒன்றுதான். "அது நான் இல்லை" என்று சொல்லும் திகதியிட்ட கடதாசி ஒன்று, கள்ளனின் அடுத்த கடதாசி போய்ச் சேருவதற்கு முன் அந்தந்த அலுவலகத்தில் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தோற்பது நியாயம் இல்லாததால் அல்ல, பிந்தியதால்.

கள்ளனுக்கு வேண்டியது அதிகமில்லை. எங்கள் அடையாள அட்டை இலக்கமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 85523 என்று தொடங்கினால், 1985 ஜனவரி 23இல் பிறந்த ஒரு பெண். 2016இல் வந்த 12 இலக்க முறையிலும் வருடம் முழுதாக எழுதப்படுகிறது என்பதைத் தவிர இந்தக் கணக்கு மாறவில்லை. ஆக, இலக்கம் தெரிந்தவருக்குப் பிறந்த திகதியும் தெரியும். ஆனாலும் தொலைபேசியில் "உங்களை உறுதிப்படுத்த" என்று சொல்லி முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான்.

சோதனைச்சாவடிக் காலத்தில் ஐசி இல்லாமல் படலையைத் தாண்டாத சனம் நாங்கள். அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கக் கற்றுக்கொண்ட அளவுக்கு அதன் போட்டோக் கொப்பியைப் பற்றி நாங்கள் கவலைப்படுவதில்லை. சிம் எடுக்க ஒரு கொப்பி, குழுக்கடனுக்கு ஒன்று, வெளிநாட்டு வேலை என்று சொன்ன முகவருக்குக் கடவுச்சீட்டோடு சேர்த்து ஒன்று, சரியாக விழாமல் கடைக்காரர் கூடைக்குள் போட்டது ஒன்று. இனிக் கொடுக்கும் கொப்பியிலாவது, படத்துக்கும் இலக்கத்துக்கும் மேலாகவே குறுக்கே பேனையால் எழுதிக் கொடுங்கள்: இன்ன கடையில் சிம் பதிவுக்கு மட்டும், இன்ன திகதி. முகம் சுளிக்கிறவர்கள் இருப்பார்கள். சுளிக்கட்டும்.

இனி, நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை பொலிஸ் முறைப்பாடு. "காசு ஒன்றும் போகவில்லையே, பிறகு பார்ப்போம்" என்று விடுகிறவர்கள் பலர். முறைப்பாட்டின் முதற்பயன் கள்ளனைப் பிடிப்பது அல்ல, இன்ன திகதியிலிருந்து இந்த இலக்கத்தை வேறொருவர் பாவிக்கிறார் என்று ஒரு அரச புத்தகத்தில் பதிவாவது. பிறகு உங்கள் பெயரில் எது நடந்தாலும் அந்தத் திகதிதான் உங்களுக்காகப் பேசும். வாயால் சொல்லும் முறைப்பாட்டை எழுதி, வாசித்துக் காட்டி, அதன் பிறகே கையொப்பம் வாங்கவேண்டும் என்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் விதி. வடக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. விளங்காத மொழியில் எழுதியிருந்தால் தமிழில் எழுதக் கேளுங்கள். அல்லது நீங்களே தமிழில் எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள். விளங்காமல் கையொப்பம் வைத்துவிட்டு வராதீர்கள். வரும்போது முறைப்பாட்டுத் துண்டையும், அது எந்தப் புத்தகத்தில் எத்தனையாம் பக்கத்தில் பதியப்பட்டது என்ற குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்; மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கும் போகலாம்.

அட்டையே தொலைந்திருந்தால் அதே முறைப்பாட்டுப் பிரதியோடு விதானையாரிடம் போய், அவர் மூலம் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு இணைப்பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு கசப்பான உண்மை: புது அட்டை கிடைக்கும், புது இலக்கம் கிடைக்காது. வங்கி அட்டை தொலைந்தால் எண்ணை மாற்றித் தருவார்கள். இது ஆயுளுக்கும் ஒன்றுதான். அதனால்தான் மேலே சொன்ன கடதாசிகளைக் கோவையாக வைத்திருக்கச் சொல்வது.

தொலைபேசியும் வங்கியும் மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய விடயம். சிம் திடீரெனச் செத்துவிட்டால் சிக்னல் கோளாறு என்று இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டாம். உங்கள் இலக்கத்தை யாரோ புது சிம்முக்கு மாற்றியிருக்கக்கூடும். இன்னொரு தொலைபேசியிலிருந்து வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு அழைத்துக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்லுங்கள். வங்கிக்கு வங்கி நடக்கும் இணையப் பரிமாற்றம் நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். பணம் போன கணக்கிலேயே அதை மறிக்க வேண்டுமானால் நிமிடங்கள்கூட முக்கியம். பேசிய நேரத்தையும் பேசியவரின் பெயரையும் குறித்துவைத்து, மறுநாளே கிளைக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்திய பிரதி வாங்குங்கள். வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, இலக்கம் 1935. டயலொக், மொபிட்டெல், ஹட்ச் கிளைகளில் உங்கள் ஐசி இலக்கத்தில் எத்தனை சிம் பதிவாகியிருக்கிறது என்று கேட்டு, உங்களுடையது அல்லாதவற்றை எழுத்தில் கொடுத்து நிறுத்தலாம்.

வட்ஸ்அப் களவு போனால் அலைகிறது நீங்கள் மட்டுமல்ல. "மாமா, அவசரம், ஒரு லட்சம் போட்டு விடுங்கோ, பிறகு சொல்லுறன்" என்று நோர்வேயில் இருக்கிற மாமாவுக்கு உங்கள் படத்தோடு செய்தி போகும். மாமாவும் போட்டுவிடுவார். செயலியை அழித்துத் திரும்பப் பதிந்து, உங்கள் சிம்முக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை நீங்களே போட்டால் மற்றவர் வெளியேற்றப்படுவார். அவர் இரட்டைப் பாதுகாப்புப் பின் இலக்கம் போட்டிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டிவரும். அதற்குள் குடும்பக் குழுக்களில் வேறொருவரைக் கொண்டு குரல் பதிவாகவே எச்சரிக்கை போடுங்கள். எழுத்தை யாரும் நம்பாத நேரம் அது. போலி முகநூல் கணக்கு, களவு போன கணக்கு ஆகியவற்றுக்குக் கணினி அவசரத் தயார்நிலை அணியான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கம் உதவும்.

எடுக்காத கடனையும் வைக்காத பிணையையும் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, பாவிக்கிறவர்கள் குறைவு. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கொடுகடன் தகவல் பணியகம், சனத்தின் வாயில் கிரிப், உங்கள் பெயரில் உள்ள கடன்களையும் பிணைகளையும் காட்டும் அறிக்கையை உங்களுக்கே தரும். வங்கிக் கிளை மூலமாகவும் விண்ணப்பிக்கலாம். தெரியாத கடன் அதில் இருந்தால் கொடுத்த நிறுவனத்திடம் விண்ணப்பப் படிவம், கையொப்பம், ஐசி கொப்பி மூன்றையும் காட்டச் சொல்லி எழுதுங்கள். கடன் தவணை கேட்டு வீட்டுக்கு வருகிறவர்களின் வாயை அடைப்பதற்காக "முதல் தவணையை மட்டும் கட்டிவிடுவோம்" என்று நினைக்க வேண்டாம். ஒரு தவணை கட்டினாலே கடனை ஒப்புக்கொண்டதாக வாதிக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்கு வங்கிக் கணக்கையும் அட்டையையும் வேறொருவருக்குப் பாவிக்கக் கொடுக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பிறகு பொலிஸ் வரும்போது "என் கணக்கைத் திருடிவிட்டார்கள்" என்ற பேச்சு எடுபடாது. 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம் பாயக்கூடிய இடம் அது.

இனிக் காணி. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணியைக் கைமாற்றும் உறுதி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் கையொப்பமிடப்பட வேண்டும் என்கிறது. கையொப்பமிடுபவரை நொத்தாரிசுக்கோ, அந்த இரண்டு சாட்சிகளுக்குமோ தெரிந்திருக்க வேண்டும் என்கிறது 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம். ஆள்மாறாட்டம் நடந்திருந்தால் இந்த இடத்தில் ஒருவர் பொய் சொல்லியிருக்கிறார். ஆகவே கள்ள உறுதியின் பிரதி கையில் கிடைத்ததும் முதற்பக்கத்தைவிடக் கடைசிப்பக்கத்தை வாசியுங்கள். நொத்தாரிசின் அத்தாட்சி அங்கேதான் இருக்கும்: ஆளைத் தனக்குத் தெரியும் என்று எழுதினாரா, சாட்சிகளுக்குத் தெரியும் என்று எழுதினாரா, சாட்சிகள் யார், எந்த முகவரி, பணம் தன் முன்னால் கைமாறியதா. காணி அரியாலையில், சாட்சி இரண்டும் யாரும் கேள்விப்படாத ஊரில் என்றால் விசாரணை எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அந்தப் பிரதியை எங்கே எடுப்பது? நொத்தாரிசு தன்னிடம் ஒரு பிரதி வைத்திருப்பார். இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அவர் அனுப்பவேண்டும். யாழ்ப்பாணம் காணிப் பதிவகத்தில் உங்கள் காணியின் வொலியம், போலியோ இலக்கங்களைக் கொடுத்துத் தேடுதல் செய்து, ஏட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதியையும் அந்த உறுதியின் பிரதியையும் எடுங்கள். கள்ளனின் கையொப்பம் உங்கள் கைக்கு வந்துவிடும்.

பதிவகத்தில் பதிந்துவிட்டார்களே, எல்லாம் போய்விட்டது என்று பலர் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். போகவில்லை. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவதால் ஒரு உறுதிக்கு முன்னுரிமை கிடைக்கலாம்; பொய் உறுதி மெய்யாகிவிடாது. சொந்தக்காரர் கையொப்பமிடாத உறுதியால் உரித்துக் கைமாறுவதில்லை. காசு கொடுத்து வாங்கியவர் நல்லவராகவே இருந்தாலும் அதுதான் நிலை. அவர் காசைத் தேடிப் போகவேண்டியது விற்றவரிடம். இதைச் சொல்வதற்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் சீட்டுக் கட்டி, நகை விற்று வாங்கிய அந்தக் குடும்பமும் ஏமாந்ததுதான்.

செய்ய வேண்டியவை, பெரும்பாலும் ஒரே வாரத்தில்: பொலிஸில் ஆள்மாறாட்டத்துக்கும் பொய்யாவணத்துக்கும் முறைப்பாடு. மாவட்ட நீதிமன்றத்தில் உரித்தை வெளிப்படுத்தவும் உறுதியை வெறிதாக்கவும் வழக்கு. மேலும் விற்காமல், கட்டாமல், ஈடு வைக்காமல் இருக்க இடைக்காலத் தடை உத்தரவு. வழக்கு நிலுவையில் உள்ளது என்ற அறிவித்தலைக் காணிப் பதிவகத்தில் பதிதல். ஆள் ஏற்கெனவே காணிக்குள் இறங்கி வேலி அடைத்துவிட்டால் நாட்காட்டியைப் பாருங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு வழக்கில், அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் வெளியேற்றப்பட்டவரைத் திரும்ப உள்ளே விட நீதிமன்றத்தால் முடியும். அந்த இரண்டு மாதம் கடந்துவிட்டால் அந்த வழி அடைபட்டு, நீண்ட சிவில் வழக்குத்தான். அதற்கும் எல்லை உண்டு: பத்து வருட எதிரிடை ஆட்சி 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி ஆளுகிறவருக்கே உரித்தைக் கொடுத்துவிடக்கூடும்.

வெளிநாட்டில் இருந்தவருக்குக் கையெழுத்து நிபுணரைவிடப் பலமான சாட்சி ஒன்று இருக்கிறது. உறுதி எழுதிய திகதியில் நீங்கள் இலங்கையில் இல்லை என்பதைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் வருகை, வெளியேறல் பதிவு காட்டும். பழைய கடவுச்சீட்டைக் குப்பையில் போடாதீர்கள். செத்தவர் கையொப்பமிட்ட உறுதிகளுக்கு இறப்புச் சான்றிதழே போதும். சட்டச் செலவுக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போகலாம்.

தண்டிக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையில் ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவது பழைய குற்றம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும், பேச்சுச் சுதந்திரத்தைப் பாதிக்கிறது என்று கடுமையாக விமர்சிக்கப்பட்ட 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இணையத்தில் நடப்பவற்றுக்கு. ஆனால் எங்கள் கொப்பிகளைச் சேர்த்துவைத்திருக்கும் நிறுவனங்களைப் பொறுப்பாக்க வந்த 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த பகுதிகள் பிற்போடப்பட்டன. அவசரம் யாருக்கு இல்லை என்று விளங்குகிறது.

இன்னும் எதுவும் நடக்காதவர்களுக்கு, குறிப்பாக வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அதே 1927ஆம் ஆண்டுச் சட்டத்தில், சட்டத்தரணிகள் கேவியற் என்று சொல்லும் எச்சரிக்கை அறிவித்தலுக்கு இடமுண்டு. அதைக் காணிப் பதிவகத்தில் கொடுத்துவைத்தால், அது செல்லும் காலத்துக்குள் உங்கள் காணி தொடர்பாக யாராவது உறுதி பதிய வரும்போது உங்களுக்கு அறிவித்தல் வரும். முகவரி இங்கே நம்பிக்கையான ஒருவருடையதாக இருக்கட்டும். காலம் முடிந்தால் புதுப்பியுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை ஏட்டைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். தேடுவது, வீட்டையும் காணியையும் பார்க்கிற அதே ஆளாக இருக்க வேண்டாம். அவர் நல்லவராக இருந்தால் அவருக்கும் அது பாதுகாப்பு. எப்போதோ கொடுத்த அற்றோணித் தத்துவம் இன்னும் யாருடைய லாச்சியிலாவது கிடக்கிறதா என்று யோசியுங்கள். கிடந்தால், தொலைபேசியில் "இனி வேண்டாம் அண்ணை" என்று சொல்வது ரத்து ஆகாது. ரத்துப் பத்திரம் எழுதி, தத்துவம் பதிந்த இடத்தில் அதையும் பதிந்து, பிரதியை அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டை எடுத்து வையுங்கள்.