பாப்பரசர் முன் பாடிய ராக் பாடகர்

1997ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27ஆம் நாள் மாலை. இத்தாலி நாட்டின் பொலோஞா நகரில் தேசிய நற்கருணை மாநாட்டிற்கென இளைஞர்கள் இலட்சக்கணக்கில் திரண்டிருந்தனர். பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், 77 வயதின் தளர்ச்சி முகத்தில் தெரிய, மேடையில் உயரத்தே வீற்றிருந்தார். அவர் முன்னிலையில் கிதார் ஏந்தி, அகன்ற தொப்பியுடன் ஒலிபெருக்கியை அணுகியவர் பாப் டிலன். அமெரிக்க ராக் இசையின் முன்னோடிகளுள் ஒருவர். யூதக் குடும்பத்திற் பிறந்தவர். அவ்வாண்டு மே மாதத்தில்தான் இதயத்தைச் சூழ்ந்த உறையில் நோய் கண்டு மருத்துவமனையில் படுத்தவர்.

அவர் பாடிய முதற் பாடல் 'நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்'. வானகத்தின் கதவைத் தட்டுதல் என்பது அதன் பொருள். தலைப்பைக் கேட்டதும் பக்திப் பாடல் என்றே எண்ணத் தோன்றும். உண்மையில் அது, 1973இல் சாம் பெக்கின்பா இயக்கிய 'பாட் காரெட் அண்ட் பில்லி த கிட்' என்னும் திரைப்படத்தில், குண்டடிபட்டுச் சாகும் காவல் அதிகாரி ஒருவரின் இறுதி நேரக் காட்சிக்கென எழுதப்பட்டது. டிலனும் அப்படத்தில் ஒரு வேடம் ஏற்றிருந்தார். இன்னொரு பாடலையும் பாடி முடித்தபின், தொப்பியைக் கழற்றிக் கையிற் பிடித்தவராய்ப் படியேறிச் சென்று பாப்பரசருக்கு வணக்கம் செலுத்தினார்.

இதன்பின் நிகழ்ந்ததே நம் சிந்தனைக்குரியது. பாப்பரசர் தம் உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டது, டிலன் அன்று பாடாத ஒரு பாடலை! 'புளோயிங் இன் த விண்ட்' என்னும் அப்பாடல், வினாக்களை அடுக்கி, விடை காற்றிலே இருக்கிறது என்று முடிவது. ஆம், விடை காற்றில்தான் இருக்கிறது; ஆயினும் அனைத்தையும் அடித்துச் சென்று வெறுமையாக்கும் காற்றில் அன்று, பரிசுத்த ஆவியானவரின் மூச்சாகிய காற்றில் என்று பாப்பரசர் விளக்கினார். மனிதன் நடக்க வேண்டிய பாதைகள் எத்தனை என அப்பாடல் கேட்பதற்கு, ஒன்றே, அது கிறிஸ்துவே என மறுமொழி பகர்ந்தார்.

அப்பாடலின் வரலாறும் அறியத்தக்கது. 1962இல், இருபது வயது இளைஞராயிருந்தபோது டிலன் அதை எழுதினார். அதன் மெட்டோ, சந்தையில் ஏலமிடப்பட்டு விற்கப்பட்ட கறுப்பின அடிமைகளின் ஆன்மிகப் பாடல் ஒன்றினின்று பிறந்தது. மறு ஆண்டு பீட்டர், பால், மேரி என்னும் மூவர் குழுவினர் பாடியபோது அது நாடெங்கும் பரவியது. மார்ட்டின் லூதர் கிங் உள்ளிட்டோர் தலைமையில் கறுப்பின மக்கள் உரிமை கேட்டுத் திரண்ட 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியிலும் ஒலித்தது. இத்தகைய பாடலைப் பாப்பரசர் வீண் ஓசையென ஒதுக்காததில் வியப்பில்லை.

ஆயினும் இதனால் அனைவரும் மகிழவில்லை. பின்னர்ப் பதினாறாம் ஆசீர்வாதப்பராகிய கர்தினால் இராட்சிங்கர், இத்தகைய 'இறைவாக்கினரை' அங்கே மேடையேற்றியது முறைதானா எனத் தாம் ஐயுற்றதை 2007இல் வெளிவந்த நூலில் ஒளிவின்றி எழுதினார். அந்த ஐயத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. டிலனின் புதிய இசைத்தட்டு மூன்றே நாளில் விற்பனைக்கு வர இருந்ததை எண்ணிப் பார்ப்பாரும் இருக்கலாம். எனினும் நாம் பாப்பரசரின் பக்கமே நிற்கிறோம். அவர் பாடகரை மேடையேற்றியதோடு நின்றுவிடவில்லை. பாட்டைக் கருத்தூன்றிக் கேட்டு, அதன் வினாவுக்கு விடையும் அளித்தார். தம் பிள்ளைகள் கேட்கும் பாட்டை நிறுத்தச் சொல்லும் பெற்றோருள் எத்தனை பேர் அதன் சொற்களைக் கேட்டிருக்கிறார்கள்?

டிலனுக்குக் கிறிஸ்துவின் பெயர் புதிதுமன்று. 1979இல் அவர் கிறிஸ்தவ விசுவாசத்தைத் தழுவி, 'ஸ்லோ டிரெயின் கமிங்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். டயர் ஸ்டிரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாப்ளர் அதில் கிதார் வாசித்தார். அவ்வாண்டு நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ நகர மேடையில் பழைய பாடல்களை அறவே தவிர்த்து விசுவாசப் பாடல்களையே பாடியபோது, இரசிகர் பலர் முகஞ்சுளித்தனர், பத்திரிகைகள் சாடின. புகழின் உச்சியிலிருந்த ஒருவர் அதைத் தாங்கிக்கொண்டது சிறு செயலன்று. 1981இல் வெளிவந்த 'எவ்ரி கிரெயின் ஆஃப் சாண்ட்' பாடலில், தலைமயிரெல்லாம் எண்ணப்பட்டுள்ளன என்ற ஆண்டவரின் மொழி எதிரொலிப்பதை விவிலியம் அறிந்தோர் உடனே உணர்வர். பின்னாளில் அந்த வேகம் தணிந்து, பழைய பாடல்களும் மேடைக்குத் திரும்பின.

பிறருடன் சேர்ந்து அவர் பாடியவை பல. 1985இல் எத்தியோப்பியாவின் பசிக்கொடுமை தணிக்க நாற்பதுக்கு மேற்பட்ட கலைஞர்கள் கூடி 'வி ஆர் த வேர்ல்ட்' பாடலைப் பதிவு செய்தபோது, தம் பகுதியை எவ்வாறு பாடுவதெனத் தெரியாமல் டிலன் தயங்கி நின்றார். கண்பார்வையற்ற பாடகர் ஸ்டீவி வொண்டர் பியானோ முன் அமர்ந்து, டிலனின் குரலிலேயே பாடிக்காட்டி, டிலன் எவ்வாறு பாடுவார் என்பதை டிலனுக்கே கற்பித்தாராம்!

2016இல் அவருக்கு இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது பலரும் அறிந்த செய்தி. பலர் அறியாதது, 2009இல் அவர் வெளியிட்ட கிறிஸ்துமஸ் இசைத்தட்டு. அதன் உரிமைத் தொகையைப் பசித்தோருக்கு உணவளிக்கும் அமைப்புகளுக்கென எழுதிக்கொடுத்தார். நம் கோவில்களில் நள்ளிரவுத் திருப்பலியில் மூத்தோர் பாடி மகிழ்ந்த 'அதெஸ்தே பிதேலெஸ்' கீதமும் அதில் உண்டு. கரகரத்த அந்தக் குரலில், முதற் பகுதியை இலத்தீன் மொழியிலேயே பாடியிருக்கிறார்.